ஒரே கணக்கு, ஐந்து வழி: மோல் கணக்கை எப்படிப் போடுவது?

10.8 கிராம் அலுமினியத்தை ஆக்சிஜனில் முழுவதுமாக எரித்தால் எத்தனை கிராம் அலுமினியம் ஆக்சைடு கிடைக்கும்? மோல் பாடம் முடிந்த மறுநாளே எதிரில் வந்து நிற்கும் வகைக் கணக்கு இது. விடை 20.4 கிராம். விடையில் யாருக்கும் தகராறு இல்லை, போடும் வழியில்தான் தகராறு. ஒருவர் குறுக்குப் பெருக்கல் போதும் என்பார். இன்னொருவர் சூத்திரத்தை மனப்பாடம் செய் என்பார். மூன்றாமவர் அலகுகளை வெட்டிக்கொண்டே போ, விடை தானாக வரும் என்பார். படிக்கிற பிள்ளை மூன்றையும் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, தேர்வில் ஒன்றின் தலையை இன்னொன்றின் வாலோடு ஒட்டிவைக்கும்.

இந்த வகைக் கணக்குகளைச் சொல்லிக்கொடுத்தும் திருத்தியும் எனக்குச் சில பிடிவாதங்கள் வந்துவிட்டன. எந்த வழி சீக்கிரம் முடியும் என்பதை நான் முதலில் பார்ப்பதில்லை. நன்றாகத் தெரிந்தவருக்கு எல்லா வழியும் இரண்டு நிமிடத்துக்குள் முடியும். தெரியாதவர் தப்பு செய்வார். அந்தத் தப்பு அவர் கண்ணிலேயே படுமா, அல்லது திருத்துபவர் சிவப்பு மை போடும்வரை ஒளிந்திருக்குமா? இதை வைத்துத்தான் ஐந்து வழிகளையும் எடைபோடப் போகிறேன்.

முதலில், எந்த வழிக்கும் பொதுவான அடித்தளம். சமன்செய்த சமன்பாடு இது:

4 அலுமினியம் + 3 ஆக்சிஜன் → 2 அலுமினியம் ஆக்சைடு

ஆக்சிஜன் என்பது இங்கே இரண்டு அணு கொண்ட மூலக்கூறு. ஆக்சைடில் இரண்டு அலுமினிய அணுவும் மூன்று ஆக்சிஜன் அணுவும் இருக்கின்றன. அணு நிறையை அலுமினியத்துக்கு 27, ஆக்சிஜனுக்கு 16 என்று வைத்துக்கொண்டால் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு 32, ஆக்சைடுக்கு 54 + 48 = 102. முன்னால் நிற்கும் 4, 3, 2 ஆகிய கெழுக்கள் எண்ணிக்கையைச் சொல்கின்றன, எடையைச் சொல்லவில்லை. நாலு அணுவுக்கு மூன்று மூலக்கூறு என்பதுதான் பேச்சு. 4 கிராமுக்கு 3 கிராம் அல்ல. தராசு கிராமில் பேசுகிறது, சமன்பாடு எண்ணிக்கையில் பேசுகிறது. இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராக நிற்பதுதான் மோல்.

ஒரு மோல் என்றால் 6.02214076 × 10²³ துகள்கள். 2019 மே 20 முதல் இந்த எண்ணே வரையறை. அதற்கு முன்பு 12 கிராம் கார்பன்-12 இல் எத்தனை அணு உண்டோ அத்தனை என்று சொல்லி வந்தார்கள். மாற்றத்தால் வகுப்புக் கணக்கில் ஒரு தசமம்கூட நகரவில்லை. ஆனால் ‘மோல் என்பது எடையின் அலகு’ என்று நினைப்பவருக்கு இந்தப் புது வரையறை நல்ல மருந்து. டஜன் மாதிரி, மோலும் ஓர் எண்ணிக்கைதான். அவகாட்ரோ எண் என்று பெயர் இருந்தாலும் அவகாட்ரோ அதைக் கணக்கிடவில்லை. அவர் 1811இல் சொன்னது வேறு: ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் சம கனஅளவு வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்பது. எண்ணுக்கு அவர் பெயரைச் சூட்டியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரென், அதுவும் 1909இல்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

குறுக்குப் பெருக்கல்

சமன்பாட்டை அப்படியே கிராமுக்கு மாற்றி எழுதிவிடுவது. 4 × 27 = 108 கிராம் அலுமினியம், 3 × 32 = 96 கிராம் ஆக்சிஜன், 2 × 102 = 204 கிராம் ஆக்சைடு. 108 கிராமுக்கு 204 என்றால் 10.8 கிராமுக்கு? 20.4. முடிந்தது. மோல் என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்கத் தேவையில்லை.

வேதியியலின் வயதான வழிகளில் இது ஒன்று. ஒரு சேர்மத்தில் தனிமங்கள் எப்போதும் ஒரே எடை விகிதத்தில்தான் சேரும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் ப்ரூஸ்ட் வாதிட்ட காலத்தில் மோலும் இல்லை, அணு நிறைப் பட்டியலும் இல்லை. எடை விகிதம் மட்டும் கையில் இருந்தது, அதை வைத்தே காரியம் நடந்தது. இன்றும் ஒரு பொருள் கொடுத்து இன்னொரு பொருளைக் கேட்கும் கணக்குக்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. நடுவில் எண்களைச் சுருக்கி எழுதவேண்டிய இடமே வராததால், தசமப் பிழையும் குறைவு.

இதில் வரும் வழக்கமான தப்பு, கெழுவை மறந்து ‘27க்கு 102’ என்று எழுதுவது. அப்படிப் போட்டால் 40.8 கிராம் வரும், சரியான விடையைப்போல இரண்டு மடங்கு. 40.8 என்ற எண்ணைப் பார்த்தால் சந்தேகம் தட்டாது. ஆனால் மூன்று பொருளுக்கும் எடையை எழுதும் பழக்கம் இருந்தால் பிடிபட்டுவிடும்: 108 + 96 = 204, இரு பக்கமும் சமம்; 27 + 32 எங்கே, 102 எங்கே? ஆகவே குறுக்குப் பெருக்கல் போடுபவர் கேட்காத பொருளின் எடையையும் எழுதவேண்டும் என்பது என் நிபந்தனை. பெரும்பாலானோர் எழுதுவதில்லை, நேரம் மிச்சமாம்.

இரண்டு பொருள்களின் அளவையும் கொடுத்துவிட்டால் இந்த வழி திணறும். மூலக்கூறு எண்ணிக்கையோ லிட்டரோ மோலாரிட்டியோ (ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் என்ற அளவு) கலந்து வந்தாலும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒரு விகித வரி எழுதவேண்டிவரும், நாலாவது வரியில் எது எதற்கு என்பதே மறந்துபோகும்.

சூத்திரமும் முக்கோணமும்

மோல் = நிறை ÷ மோலார் நிறை. மோலார் நிறை என்றால் ஒரு மோல் பொருளின் எடை, கிராமில்: அலுமினியத்துக்கு 27, ஆக்சைடுக்கு 102. இதை ஒரு முக்கோணத்துக்குள் போட்டு, மேலே நிறை, கீழே மோலும் மோலார் நிறையும் என்று வரைந்து, வேண்டியதை விரலால் மறைத்தால் சூத்திரம் தெரியும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். சூத்திரத்தில் குற்றமில்லை, எல்லா வழிக்குள்ளும் அது உண்டு. முக்கோணத்தையே வழியாக ஆக்கிக்கொள்வதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நிறைக்கு ஒரு முக்கோணம் என்றால் துகள் எண்ணிக்கைக்கு இன்னொன்று, வாயுக் கனஅளவுக்கு ஒன்று, கரைசலுக்கு ஒன்று. நாலு முக்கோணத்தையும் நினைவில் வைத்துக்கொண்டாலும், கணக்கின் உயிரான படிக்கு, அதாவது ஒரு பொருளின் மோலிலிருந்து இன்னொரு பொருளின் மோலுக்குத் தாவும் படிக்கு, எந்த முக்கோணத்திலும் இடமில்லை. அந்த இடத்தில் பிள்ளைகள் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு மாணவனின் தாள் இன்னும் ஞாபகம் இருக்கிறது. இதே அலுமினியக் கணக்கு. முதல் வரி: 10.8 ÷ 108 = 0.1. அடுத்த வரி: 0.1 × 2 ÷ 4 = 0.05. மூன்றாவது வரி: 0.05 × 102 = 5.1 கிராம். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, விடைக்குக் கீழே இரட்டைக் கோடு வேறு. முக்கோணத்தில் ‘மோலார் நிறை’ என்ற இடத்தில் சமன்பாட்டைப் பார்த்து 4 × 27 ஐ வைத்துவிட்டான். அப்புறம் விகிதப் படியில் அதே 4 ஐ மறுபடி வகுத்தான். ஒரு கெழு இரண்டு தடவை வேலை செய்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அவனுடைய முதல் வரி தன்னளவில் தப்பே இல்லை. 108ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.1, எழுதியபடியே அந்தச் சமன்பாடு எத்தனை மோல் தடவை நடந்தது என்று சொல்கிறது. அங்கிருந்து நேரே 2 × 102 ஆல் பெருக்கியிருந்தால் 20.4 வந்திருக்கும். 0.1 என்பது அலுமினியத்தின் மோல் என்று நினைத்ததுதான் அவன் இடறிய கல். அலுமினியம் உண்மையில் 0.4 மோல்.

“10.8 கிராம் உலோகத்தை எரித்து 5.1 கிராம் எப்படி வந்தது?” என்று கேட்டேன். “எரிந்தால் குறையத்தானே சார் செய்யும்? சாம்பல்தானே மிஞ்சும்?” என்றான். எனக்குச் சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன். விறகைப் பார்த்து வளர்ந்த புத்திக்கு அது நியாயமான பதில். விறகு எரியும்போது விளைபொருளில் பெரும்பங்கு வாயுவாகப் பறந்துவிடுகிறது, உலோகம் எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் 1774இல் வெள்ளீயத்தையும் ஈயத்தையும் மூடிய கலத்தில் சூடாக்கி நிறுத்துப் பார்த்தது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். கலம் மூடியிருந்தவரை மொத்த எடை மாறவில்லை. திறந்தபோது காற்று உள்ளே பாய்ந்தது.

முக்கோணம் இந்தச் சிந்தனைக்கெல்லாம் வழிவிடாது. எண்ணைக் கொடு, எண்ணை வாங்கிக்கொள், அவ்வளவுதான்.

அலகு வெட்டும் முறை

இதில் ஒவ்வொரு படியும் ஒரு பின்னம். மேலேயும் கீழேயும் ஒரே அலகு வந்தால் வெட்டுப்படும். வேண்டிய அலகு மட்டும் மிஞ்சினால் விடை.

10.8 கிராம் அலுமினியம் × (1 மோல் அலுமினியம் ÷ 27 கிராம் அலுமினியம்) × (2 மோல் ஆக்சைடு ÷ 4 மோல் அலுமினியம்) × (102 கிராம் ஆக்சைடு ÷ 1 மோல் ஆக்சைடு) = 20.4 கிராம் ஆக்சைடு

நடுவில் இருக்கும் பின்னத்தைப் பாருங்கள். முக்கோணத்தில் இடமில்லாமல் தவித்த அந்தப் படி இங்கே சங்கிலியின் ஒரு கண்ணியாக, தவிர்க்கவே முடியாதபடி நிற்கிறது. அதைப் போடாமல் அலுமினியத்திலிருந்து ஆக்சைடுக்குப் போக வழியில்லை.

ஆனால் ஒரே ஒரு நிபந்தனை, அதைத் தளர்த்தினால் முறையே வீண். அலகோடு பொருளின் பெயரையும் எழுதவேண்டும். வெறும் ‘மோல்’ என்று எழுதினால் 2 மோல் ÷ 4 மோல் போட்டாலும் வெட்டுப்படும், 4 மோல் ÷ 2 மோல் என்று தலைகீழாகப் போட்டாலும் வெட்டுப்படும். பின்னது 81.6 கிராம் தரும். ‘மோல் அலுமினியம்’, ‘மோல் ஆக்சைடு’ என்று எழுதியிருந்தால் தலைகீழாகப் போட்ட கணமே எதுவும் வெட்டுப்படாமல் முறைத்துக்கொண்டு நிற்கும். பெயரை எழுதக் கை வலிக்கிறது என்று விடுபவர்தான் இந்த முறையைக் குறை சொல்பவராகவும் இருக்கிறார்.

படிகள் நீளும் கணக்கில் இதை எதுவும் நெருங்க முடியாது. 85 சதவீதத் தூய்மையுள்ள சுண்ணாம்புக்கல் 50 கிராம்; முழுவதையும் சூடாக்கிச் சிதைத்தால் 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில் எத்தனை லிட்டர் கார்பன் டைஆக்சைடு? கல்லில் கால்சியம் கார்பனேட் 42.5 கிராம், அதை மோலார் நிறையான 100ஆல் வகுத்தால் 0.425 மோல், கெழுக்கள் ஒன்றுக்கு ஒன்று, ஆகவே வாயுவும் 0.425 மோல், அந்த நிலையில் ஒரு மோல் வாயு 22.4 லிட்டர் என்பதால் 22.4ஆல் பெருக்கினால் 9.52 லிட்டர். தூய்மை, மோல், விகிதம், கனஅளவு என நாலு கண்ணியும் ஒரே வரியில் கோத்துவிடும். அழுத்தம் 1 பார் என்று கேள்வி சொன்னால் 22.4க்குப் பதில் 22.7. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் எந்த முறையும் காப்பாற்றாது. (வினைபடுபொருள், விளைபொருள் எல்லாமே வாயுவாக, ஒரே வெப்பநிலை அழுத்தத்தில் இருந்தால் 22.4 கூட வேண்டாம். கெழுக்களே லிட்டர் விகிதம். 1 லிட்டர் நைட்ரஜனும் 3 லிட்டர் ஹைட்ரஜனும் முழுவதும் வினைப்பட்டால் 2 லிட்டர் அம்மோனியா.)

குறை ஒன்று உண்டு. சங்கிலி ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிகிறது. பாத்திரத்துக்குள் மொத்தமாக என்ன நடந்தது, எது மிச்சம், எது தீர்ந்தது என்று அது காட்டுவதில்லை. இரண்டு வினைபடுபொருள் கொடுத்தால் சங்கிலியை இரண்டு தடவை ஓட்டி, குறைவாக வரும் விடையை எடுத்துக்கொள் என்பார்கள். விடை சரியாக வரும். ஏன் குறைவானதை எடுக்கவேண்டும் என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது.

அட்டவணை

இப்போது கணக்கைக் கொஞ்சம் மாற்றுவோம். 27 கிராம் அலுமினியம், 25.6 கிராம் ஆக்சிஜன். எவ்வளவு ஆக்சைடு? எது முதலில் தீரும்? பாடநூலில் முதலில் தீர்ந்துபோவதை வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்பார்கள்.

அலுமினியம் 1 மோல், ஆக்சிஜன் 0.8 மோல். இந்த எண்களை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். கிராமில் பார்த்தாலும் ஆக்சிஜன் குறைவு, மோலில் பார்த்தாலும் ஆக்சிஜன் குறைவு. ஊகித்துச் சொல்பவர் எல்லாரும் ஆக்சிஜன்தான் முதலில் தீரும் என்பார்கள். மூன்று வரிகளில் எழுதிப் பார்ப்போம், எல்லாம் மோலில்:

| | அலுமினியம் | ஆக்சிஜன் | ஆக்சைடு |
|---|---|---|---|
| தொடக்கம் | 1 | 0.8 | 0 |
| மாற்றம் | −1 | −0.75 | +0.5 |
| முடிவு | 0 | 0.05 | 0.5 |

1 மோல் அலுமினியம் தீர 0.75 மோல் ஆக்சிஜன் போதும். கையில் 0.8 இருக்கிறது. ஆகவே தீர்வது அலுமினியம், அளவில் எப்படிப் பார்த்தாலும் அதிகமாக இருந்த பொருள். ஆக்சைடு 0.5 மோல், 51 கிராம். ஆக்சிஜன் 0.05 மோல், 1.6 கிராம் மிச்சம். சரிபார்க்க, தொடக்கத்தில் 27 + 25.6 = 52.6, முடிவில் 51 + 1.6 = 52.6.

சரி, ஒருவர் ஊகத்தை நம்பி ஆக்சிஜன்தான் தீரும் என்று மாற்ற வரியை எழுதினால்? ஆக்சிஜன் −0.8, அலுமினியம் −1.067, ஆக்சைடு +0.533. முடிவு வரியில் அலுமினியத்துக்கு −0.067 மோல் என்று வரும். இல்லாத பொருளை எப்படிச் செலவழித்தாய் என்று அட்டவணையே கேட்டுவிடுகிறது. திருத்துபவர் தேவையில்லை. இதே தப்பை அலகுச் சங்கிலியில் செய்தால் 54.4 கிராம் என்ற பார்வைக்கு நல்ல விடை வரும், எந்த எச்சரிக்கையும் இருக்காது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே அட்டவணையை முதல் இடத்தில் வைக்கிறேன்.

இன்னொன்று: மாற்ற வரியில் மட்டும்தான் கெழுக்கள் வேலை செய்யும். −1, −0.75, +0.5 என்பவை 4 : 3 : 2 விகிதத்தில் இருக்கின்றன. தொடக்க வரிக்கும் கெழுக்களுக்கும் சம்பந்தமே இல்லை; நீங்கள் பாத்திரத்தில் எவ்வளவு போட்டீர்களோ அவ்வளவு. ‘சமன்பாட்டில் 4 இருக்கிறது, அப்படியானால் நாலு மோல் எடுத்திருக்கிறோம்’ என்று நினைப்பவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். மூன்று வரிகளைத் தனித்தனியாக எழுதியதும் அந்த மயக்கம் கலைந்துவிடுகிறது.

எது தீரும் என்பதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழியும் உண்டு. ஒவ்வொரு மோலையும் அதன் கெழுவால் வகுக்கவேண்டும். 1 ÷ 4 = 0.25, 0.8 ÷ 3 = 0.267. சிறியது எதுவோ அது தீரும். அந்த 0.25 தான், முத்து முத்தான கையெழுத்துக்காரன் தன் கணக்கில் தெரியாமல் கண்டுபிடித்துவிட்டுக் கைவிட்ட 0.1 இன் உறவு: சமன்பாடு எத்தனை தடவை நடக்கும் என்ற எண்.

அட்டவணை நேரம் எடுக்கும், மறுக்கவில்லை. ஒரு பொருள் கொடுத்து ஒன்றைக் கேட்கும் கணக்குக்கு இது கொசுவை அடிக்கப் பீரங்கி எடுப்பது மாதிரி. ஆனால் வேதிச் சமநிலை என்ற பாடம் வரும்போது இதே அட்டவணைதான் திரும்பி வரும், முடிவு என்ற வரிக்குச் சமநிலை என்று பெயர் மாறும், அவ்வளவே. இப்போது பழகினால் அப்போது புதிதாகப் படிக்கவேண்டியதில்லை.

சமான நிறை

இது தாத்தா காலத்து வழி என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்குவதற்கு முன் ஒரு தடவை அதன் அழகைப் பார்த்துவிடுங்கள்.

இழக்கும் அல்லது பெறும் ஓர் எலக்ட்ரானுக்கு எவ்வளவு நிறை என்பதுதான் இங்கே சமான நிறை. அலுமினிய அணு மூன்று எலக்ட்ரான் இழக்கிறது, எனவே சமான நிறை 27 ÷ 3 = 9. ஆக்சிஜன் அணு இரண்டு எலக்ட்ரான் பெறுகிறது, 16 ÷ 2 = 8. விதி ஒன்றுதான்: ஒரு சமானம் இன்னொரு சமானத்தோடு மட்டும் சேரும். 27 கிராம் அலுமினியம் 3 சமானம். 25.6 கிராம் ஆக்சிஜன் 3.2 சமானம். குறைவானது அலுமினியம், அது தீரும். விளைபொருளும் 3 சமானம், ஒவ்வொன்றும் 9 + 8 = 17 கிராம், மொத்தம் 51 கிராம். மிச்ச ஆக்சிஜன் 0.2 × 8 = 1.6 கிராம்.

சமன்பாட்டைச் சமன்செய்யவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? 4, 3, 2 எதுவும் வரவில்லை. இரண்டு எண்களில் எது சிறியது என்று பார்த்தால் போதும். ஐந்து வழிகளில் வேகம் என்றால் இதுதான்.

இந்த எண்ணத்தின் வேர் ஜெர்மன் வேதியியலாளர் ஜெரமியாஸ் ரிக்டர். அமிலங்களும் காரங்களும் எந்த எடையளவில் ஒன்றையொன்று நடுநிலையாக்குகின்றன என்று அளந்து, அந்தத் துறைக்கு ஸ்டாய்க்கியோமெட்ரி என்று 1792இல் பெயர் வைத்தவர். அணுக் கொள்கைக்கே முந்தியது அது. அணுவைப் பற்றி எதுவும் தெரியாமலேயே வேலை செய்யும் என்பதுதான் சமான நிறையின் பலம். அதுவே அதன் பலவீனமும். ஹைட்ரஜன் 1 என்றால் ஆக்சிஜன் 8 என்பது எடைக் கணக்குக்குச் சரி. அதை வைத்துக்கொண்டு தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும் இருக்கின்றன என்று, அணுக் கொள்கையைச் சொன்ன டால்டன் நினைத்ததுபோல நினைத்தாலும் சரிக்கட்டிவிடும். ஆக்சிஜனுக்கு 8 ஆ 16 ஆ என்ற குழப்பம் வேதியியலைப் பல பத்தாண்டுகள் ஆட்டிவைத்தது. 1860இல் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடிப் பேசியதும், அங்கே இத்தாலிய வேதியியலாளர் கன்னிட்சாரோ அவகாட்ரோவின் கருதுகோளைத் தூசி தட்டி எடுத்து வைத்ததும் அந்தக் குழப்பத்தால்தான்.

வகுப்பறையில் வரும் சிக்கல் வேறு. சமான நிறை ஒரு பொருளுக்கு நிலையானதல்ல, வினையைப் பொறுத்து மாறும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மோலார் நிறை 158. அமில ஊடகத்தில் அது ஐந்து எலக்ட்ரான் பெறுவதால் சமான நிறை 31.6. நடுநிலை ஊடகத்தில் மூன்று, ஆகவே 52.7. வலுவான கார ஊடகத்தில் ஒன்று, 158 தான். ஒரு குப்பியின்மேல் ‘0.1 நார்மல்’ (அதாவது ஒரு லிட்டரில் 0.1 சமானம்) என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த வினைக்காக என்று தெரியாமல் அதற்குள் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று சொல்ல முடியாது. மோலாரிட்டியில் எழுதினால் இந்தப் பிரச்சினையே இல்லை. நார்மாலிட்டி இன்று ஓரங்கட்டப்பட்டதற்கு இது முக்கியக் காரணம்.

எலக்ட்ரானை எண்ணத் தெரிந்தவருக்குத்தான் இந்த வழி. மோல் பாடத்தை இப்போதுதான் தொடங்குபவரிடம் இதைக் கொடுத்தால், 3 ஆல் ஏன் வகுக்கிறோம் என்று தெரியாமல் மனப்பாடம் செய்வார். தப்பு நேர்ந்தால் எந்த இடத்திலும் அது தலைகாட்டாது.

இருந்தாலும் தரம்பார்த்தலில், அதாவது ஒரு கரைசலுக்கு இன்னொரு கரைசல் எவ்வளவு வேண்டும் என்று அளக்கும் சோதனையில், ஒரு பொறியிலிருந்து இது காப்பாற்றுகிறது. 20 மில்லிலிட்டர், 0.1 மோலார் கந்தக அமிலம். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு வேண்டும்? மோலாரிட்டி × கனஅளவு இரு பக்கமும் சமம் என்ற சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் 20 மில்லிலிட்டர் வரும். தப்பு. ஒரு அமில மூலக்கூறுக்கு இரண்டு ஹைட்ராக்சைடு வேண்டும், 40 மில்லிலிட்டர். அந்த இடத்தில் நார்மாலிட்டியைப் போட்டால் அமிலம் 0.2 நார்மல், காரம் 0.1 நார்மல், சூத்திரமும் அப்படியே சரியாக வேலை செய்யும். மோலாரிட்டியில்தான் போடுவேன் என்றால் கெழுவை நீங்களே நினைவில் வைத்துச் சேர்க்கவேண்டும்.

அப்படியானால் எதை எடுப்பது?

மோல் பாடத்தை முதல் தடவை படிப்பவர் என்றால் அட்டவணை. ஒரு மாதம் அதை விட்டு வேறெதையும் தொடவேண்டாம், எளிய கணக்கானாலும் சரி. கை பழகியதும் நீளமான கணக்குகளுக்கு அலகுச் சங்கிலி, பொருளின் பெயரோடு. இரண்டும் சேர்ந்தால் தொடக்க நிலையில் வரும் ஏறக்குறைய எல்லாக் கணக்கும் முடிந்துவிடும்.

குறுக்குப் பெருக்கலைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம். சங்கிலியில் 20.4 வந்தால், தாளின் ஓரத்தில் 108, 96, 204 என்று எழுதி ஒரு பார்வை பார்த்தால் போதும். கெழுவைத் தலைகீழாகப் போட்டு 81.6 வந்திருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

முக்கோணத்தை ஏற்கெனவே மனப்பாடம் செய்துவிட்டவர் அதை மறக்கவேண்டியதில்லை. கிராமிலிருந்து மோலுக்கு மாற்ற மட்டும் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் ‘மோலார் நிறை’ என்ற இடத்தில் சமன்பாட்டைப் பார்க்கவே கூடாது. அங்கே அலுமினியத்துக்கு 27 தான், எந்தச் சமன்பாட்டில் எந்தக் கெழுவோடு வந்தாலும். சமான நிறையை ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினைகள் படித்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். பழைய ஆய்வகக் குறிப்புகளைப் படிக்கவேண்டியவருக்கு அது கட்டாயம்.

அந்த மாணவனுக்கும் அட்டவணையைத்தான் கொடுத்தேன். 27 கிராம், 25.6 கிராம் கணக்கைப் போட்டுக் காட்டினான். எல்லாம் சரியாக இருந்தது, கீழே வழக்கமான இரட்டைக் கோடும் இருந்தது. போகும்போது திரும்பி நின்று, “மிச்சம் இருக்கிற 0.05 மோல் ஆக்சிஜன் அப்புறம் எங்கே சார் போகும்?” என்றான். எங்கேயும் போகாது, பாத்திரத்திலேயே இருக்கும் என்றேன். உட்கார்ந்து, முடிவு வரியில் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனான்.